சின்ன ரப்பர் படகுக்கு எத்தனை எச்.பி.?

திருவனந்தபுரம் பக்கம் பூவாரில் விருந்தாளிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற என் மச்சினன், போன வருடம் ஒரு பழைய ரிப் படகை வாங்கி வந்தான். நீளம் 3.8 மீட்டர். அடிப்பக்கம் ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த குழாய். நம் கடற்புறத்தில் எல்லோரும் ரப்பர் படகு என்றுதான் சொல்வார்கள், ஆனால் முழு ரப்பர் இல்லை. அடி கெட்டியாக இருப்பதுதான் இதற்கும் சுருட்டி மடிக்கிற காற்றுப் படகுக்கும் உள்ள வித்தியாசம். எஞ்சின் இல்லாமல் வாங்கியிருந்தான். மறுநாள் காலையிலேயே நீரோடிக்கு வந்துவிட்டான்.

“அத்தான், அப்பாவோட பழைய 9.9 எச்.பி. எஞ்சின் சும்மாதானே கெடக்கு, அதை மாட்டட்டுமா? இல்ல, படகோட பிளேட்டுல 30ன்னு போட்டிருக்கு, 30ஏ வாங்கிரட்டுமா?”

இரண்டும் வேண்டாம் என்றேன். நழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். இருபது வருடத்துக்கு மேல், படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவன் நான். இந்தக் கேள்வியை விழிஞ்ஞத்திலும் கேட்டிருக்கிறார்கள், தேங்காய்பட்டணத்திலும் கேட்டிருக்கிறார்கள். கேட்கிற எல்லோருமே எச்.பி.யை வேகத்தின் கணக்காகத்தான் பார்க்கிறார்கள். சின்ன ரிப் படகில் எச்.பி. முதலில் வேகத்தின் கணக்கு இல்லை. உங்கள் வழக்கமான சுமையோடு படகு தண்ணீர் மேல் ஏறுமா, ஏறாதா என்கிற கணக்கு.

நம் ஆட்களின் கண் தப்பாகப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது மீன்பிடி வள்ளத்தில் பழகிய கண். 1980களில்தான் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் அவுட்போர்டு எஞ்சின் பரவியது. முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டினார்கள், அப்புறம் ஃபைபர் வந்தது. கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட தலைமுறைக்கு ஒரு சின்ன எஞ்சினே பெரிய வரம். இன்றைக்கும் முப்பதடி ஃபைபர் வள்ளத்தில் வலை, ஐஸ், நாலு ஆள் எல்லாம் ஏறினாலும் ஒரு 9.9 அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பன்னிரண்டடிப் படகு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். இத்தனூண்டு படகுக்கு 9.9 போதாதா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த நீளக் குறைவுதான் இங்கே வினை.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற எந்தப் படகும் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலை நீளமாகும். அலையின் நீளமும் படகு தண்ணீரைத் தொடுகிற நீளமும் ஒன்றாகும்போது முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு மேடு என்று படகு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் முடுக்கினால் பின்மேடு படகை விட்டு விலகிப் போய்விடும். படகின் பின்பக்கமான அமரம் பள்ளத்தில் இறங்கும், அணியம் வானத்தைப் பார்க்கும். தான் எழுப்பிய அலையைத் தானே ஏறவேண்டிய நிலைமை. அந்த வேகம் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, விடை வரும்.

நீர்மட்டத்தில் 27 அடி இருக்கிற வள்ளத்துக்கு இது ஏறக்குறைய 7 நாட், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். மீன்பிடிக்க அது போதும். உடம்பும் ஒடுக்கம் என்பதால் வள்ளம் எழுப்புகிற அலையும் சின்னது, கொஞ்சம் கூடுதல் வேகம்கூடக் கிடைக்கும். 3.8 மீட்டர் ரிப் தண்ணீரைத் தொடுவதோ 10 அடிதான். அதற்கு 4.2 நாட். மணிக்கு 8 கிலோமீட்டர்கூட இல்லை. வள்ளம் அந்த மேட்டைப் பற்றிக் கவலைப்படாமல் காலம் தள்ளிவிடும். ரிப் அதை ஏறியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நடக்கிற வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

ஏறிவிட்டால் கதையே வேறு. சப்பைக் கல்லைக் குளத்தில் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி படகின் அடிப்பகுதி தண்ணீரை அழுத்த, தண்ணீர் திருப்பிப் படகைத் தூக்கும். குழாய்கள் தண்ணீரை விட்டு எழும்பும். எதிர்ப்பு குறையும். அப்போது கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலும் படகு வேகத்தை விடாது. மேட்டை ஏற முழு முறுக்கு வேண்டும், ஏறிய பிறகு முக்கால் முறுக்கில் ஓடலாம். நல்ல பொருத்தம் என்றால் இதுதான்.

ஏறாமல் நடுவில் சிக்குவதுதான் மோசமான இடம். அணியம் தூக்கிக்கொண்டு நிற்பதால் ஓட்டுகிறவனுக்கு எதிரே ஒன்றும் தெரியாது. எஞ்சின் முழு முறுக்கில் கத்தும், பெட்ரோல் போகும், பின்னால் பெரிய அலை எழும். பூவாரின் ஒடுக்கமான வாய்க்கால்களில் இப்படி ஒரு படகு போனால் எதிரே வருகிற துடுப்புப் படகுக்காரன் திட்டுவான். கரையோரக் கண்டல் வேரும் அரிக்கும். திட்டுவது சரிதான். 9.9ஐ மாட்டியிருந்தால் மச்சினனின் படகு பாதி நாள் அங்கேயேதான் நின்றிருக்கும்.

ரிப் என்ற படகே இந்த மேட்டுக்காகப் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். 1960களில் வேல்ஸ் நாட்டில் அட்லாண்டிக் கல்லூரி என்ற பள்ளியின் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், முன்னாள் கடற்படை அதிகாரி. மாணவர்களின் பாய்மரப் படகுகளுக்குக் காவலாக முழுக் காற்றுப் படகுகளை வைத்திருந்தார். கல்லும் மணலும் நிறைந்த கரையில் இழுத்து இழுத்து அவற்றின் துணி அடி தேய்ந்துபோனது. அதற்குப் பிளைவுட் ஒட்டிப் பார்த்தார்கள். அந்த ஒட்டுவேலையிலிருந்துதான், ஆழமான கெட்டி அடியும் காற்றுக் குழாயும் சேர்ந்த வடிவம் வந்தது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம் அதை எடுத்துக்கொண்டு 1972இல் அட்லாண்டிக் 21 என்ற மீட்புப் படகைக் கடலில் இறக்கியது. காப்புரிமையை ஹோர் ஒரே ஒரு பவுண்டுக்கு அந்தச் சங்கத்திடமே கொடுத்துவிட்டார். அடி கெட்டியானதால்தான் எஞ்சினின் உந்தல் வளைந்து நெளியாமல் தண்ணீருக்குப் போகிறது. மடிக்கும் காற்றுப் படகில் நடுப்பகுதி தொய்ந்துகொடுக்கும், உந்தலில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆக, ரிப்பின் பலனே ஏறி ஓடுவதில்தான். ஏறாத எஞ்சினை மாட்டினால் சும்மா ஒரு மிதவை வாங்கியதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, ஏற எவ்வளவு வேண்டும்? மொத்த எடையை எச்.பி.யால் வகுத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் என்றால் மொத்தம். இதில்தான் எல்லோரும் பொய்க்கணக்குப் போடுகிறார்கள். மச்சினன் “படகு 110 கிலோ, நாலு ஆள்” என்று நிறுத்திக்கொண்டான். நான் தாளை வாங்கி எழுதினேன். படகு 110. 20 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 50. பெட்ரோல் 25 லிட்டர், டேங்கோடு 20. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், துடுப்பு, பேட்டரி எல்லாம் சேர்ந்து 25. ஆள் ஒன்றுக்கு 70 வீதம் 280. கூட்டினால் 485 கிலோ. விருந்தாளிகள் எல்லோரும் 70 கிலோவில் நிற்பவர்கள் இல்லை, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோவளம் பக்கம் முத்துக்குளிக்கிற மாதிரி சிலிண்டர் மாட்டி மூழ்குகிறவர்களை ஏற்றினால் ஆள் ஒன்றுக்கு இன்னும் 25 கிலோ வரும்.

485ஐ 9.9ஆல் வகுத்தால் எச்.பி. ஒன்றுக்கு 49 கிலோ. ஏறாது, சத்தியமாக ஏறாது. 15ஆல் வகுத்தால் 32. அசையாத தண்ணீரில், ஆட்களை முன்னால் தள்ளி உட்காரவைத்து, புரொப்பல்லர் பொருத்தமாக அமைந்தால் ஏறலாம். கச்சான் காற்று எதிரே அடித்தால் இறங்கிவிடும். 20ஆல் வகுத்தால் 24. இது ஏறும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். என் அனுபவத்தில் சின்ன ரிப் படகுக்கு 25 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் தூங்கலாம். 30க்கு மேல் போனால் வாங்காமல் இருப்பதே மேல். நடுவில் இருப்பது ஆளையும் தண்ணீரையும் பொறுத்தது.

30 எச்.பி. என்றால்? எஞ்சினின் எடையும் கூடும். நான்கு ஸ்ட்ரோக்கில் 30 எச்.பி. எஞ்சின் 60 கிலோவில் தொடங்கி, சில மாடலில் 90ஐத் தாண்டும். 75 என்று வைத்தால் மொத்தம் 510, எச்.பி. ஒன்றுக்கு 17 கிலோ. பார்க்க அழகான கணக்கு. ஆனால் வேகம் எச்.பி.யோடு நேராகக் கூடுவதில்லை. ஜார்ஜ் குரோச் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஏறி ஓடுகிற படகின் வேகம், எடையை எச்.பி.யால் வகுத்த விடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறும் என்பது அதன் சாரம். அதைப் போட்டுப் பார்த்தால் 485 கிலோவும் 20 எச்.பி.யும் மணிக்கு 33 கிலோமீட்டர். 510 கிலோவும் 30 எச்.பி.யும் 39 கிலோமீட்டர். எச்.பி. ஒன்றரை மடங்கு, வேகம் ஆறு கிலோமீட்டர் கூடுதல். முழு முறுக்கில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எச்.பி. ஒன்றுக்கு மணிக்கு 0.3 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். 20க்கு 6 லிட்டர், 30க்கு 9 லிட்டர். ஆறு கடலில் சேர்கிற பொழிமுகத்தில் வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளிக்கு அந்த ஆறு கிலோமீட்டரால் என்ன லாபம் என்று மச்சினனிடம் கேட்டேன். கெத்து, அத்தான் என்றான். அதற்குச் சூத்திரம் இல்லை.

பெரிய எஞ்சினில் செலவைவிட எனக்குப் பயம் இன்னொன்று. குருவி தலையில் பனங்காய் என்பது இங்கே அப்படியே பொருந்தும், ஒரே வித்தியாசம் பனங்காய் தொங்குவது வாலில். 3.8 மீட்டர் படகின் அமரத்தில் 90 கிலோ எஞ்சின், பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவன் 75 கிலோ, காலடியில் பெட்ரோல் டேங்க். முன்னால் ஆளே இல்லை. விருந்தாளிகளை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஓட்டம் எப்போதும் இப்படித்தான் இருக்கும். அணியம் தூக்கியிருக்கும்போது எதிர்க்காற்று அடியில் புகுந்தால், அல்லது பொழியில் உடைகிற அலையை வேகமாக ஏறினால், படகு மல்லாக்கக் கவிழும். ஓட்டுகிறவன் எஞ்சினுக்கும் படகுக்கும் அடியில் போய்விடுவான். ஆனி ஆடியில் நம் கரையின் அலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலையில் இறங்கி ஏறுகிற படகுக்கு சக்தி வேண்டும், உண்மைதான். அதைவிட முக்கியம் பின்பாரம் குறைவாக இருப்பது.

எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறைக் காலிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டாமல் கைப்பிடியைத் தொடவே கூடாது. ஓட்டுகிறவன் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கி எஞ்சின் அணையும். இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவன் மேலேயே வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமாக ஓடும்போது இந்தக் கயிறை மாட்டியாக வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து சட்டமே இருக்கிறது. நம் ஆட்கள் அதை எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவைத்துவிட்டு ஓட்டுவதைத்தான் பார்க்கிறேன்.

அப்படியானால் பிளேட்டில் 30 என்று ஏன் போட்டிருக்கிறான்? அது உச்சவரம்பு. பஸ்ஸில் ‘அமர்வோர் 52’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு 52 பேர் ஏறினால்தான் பஸ் ஓடும் என்று யாரும் சொல்வதில்லை, இல்லையா? காற்றுப் படகுகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 6185 என்ற தரவரையறை இருக்கிறது. 8 மீட்டருக்குக் குறைந்த நீளமும் 15 கிலோவாட்டும் அதற்கு மேலும் எஞ்சின் தாங்குகிற படகுகள் அதன் மூன்றாம் பகுதியில் வரும். மச்சினனின் பிளேட்டில் 22 கிலோவாட் என்று இருந்தது. ஒரு எச்.பி. முக்கால் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு, அதனால் 22 என்பது 30 எச்.பி. இந்த அமரப் பலகையும் இந்த உடம்பும் தாங்குகிற மிகப்பெரிய எஞ்சின் எது என்பதற்குத் தயாரித்தவன் சொன்ன பதில் அது. உன் வேலைக்கு எது வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அதைத் தாண்டிப் போடக்கூடாது என்பது மட்டும் தீர்மானம். தாண்டினால் அமரப் பலகையில் விரிசல் விடும், காப்பீடும் கையை விரிக்கும்.

அதே பிளேட்டில் ஆள் எண்ணிக்கையும் மொத்தச் சுமையும் இருக்கும். எச்.பி.யைப் படிக்கிறவர்கள் அந்த இரண்டையும் படிப்பதில்லை. 2023 மே மாதம் மலப்புறம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு அது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் பூவாரில் எல்லாப் படகிலும் லைஃப் ஜாக்கெட் தெரிந்தது.

இனி அந்தப் பழைய 9.9. அதை ஒதுக்கியதற்கு எச்.பி. மட்டும் காரணமில்லை, அதன் கால் நீளமும் ஒரு காரணம். அவுட்போர்டு எஞ்சின்கள் 15 அங்குலக் கால், 20 அங்குலக் கால் என்று வரும், இன்னும் நீளமும் உண்டு. வள்ளத்தின் அமரம் உயரம் என்பதால் நம் கரையில் நீளக்கால்தான் அதிகம். சின்ன ரிப்பின் அமரப் பலகை பெரும்பாலும் 15 அங்குல எஞ்சினுக்கு வெட்டியது. அதில் 20ஐ மாட்டினால் புரொப்பல்லர் ஐந்து அங்குலம் தேவையில்லாமல் ஆழத்தில் போய் நிற்கும். ஆழம் நல்லதுதானே என்று கேட்பார்கள். எஞ்சினின் கால் முழுதும் தண்ணீரில் இழுபடும், தண்ணீர் சிதறிப் படகுக்குள் அடிக்கும், உந்தல் கீழே இருந்து வருவதால் அணியம் இன்னும் தூக்கும். நெய்யாறு கடலில் சேர்கிற பூவார்ப் பொழியில் மணல் திட்டு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று போன வழியில் இன்று முழங்கால் தண்ணீர். அங்கே ஐந்து அங்குலம் என்பது தட்டுவதற்கும் தட்டாமல் போவதற்கும் உள்ள தூரம். மணலைக் கிளறினால் தண்ணீரை உறிஞ்சுகிற இடுக்கு வழியாக மணலும் போகும், குளிர்விக்கிற பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேயும், எஞ்சின் சூடாகும். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டை இறக்கை இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில், அல்லது ஒரு விரல் மேலே இருந்தால் சரி. ரொம்ப மேலே போனால் வளைவில் புரொப்பல்லர் காற்றைக் குடித்து, எஞ்சின் வெறுமனே கத்தும்.

அது மண்ணெண்ணெய் எஞ்சின் என்பது இன்னொரு தொல்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டரைச் சுத்தமாக்கி அணைக்க வேண்டும். காலையில் கிளப்பி ஆழ்கடல் வரை ஒரே ஓட்டமாக ஓடுகிற வள்ளத்துக்கு அது கட்டுபடியாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கொக்கையும் மீன்கொத்தியையும் காட்டுகிறவனுக்கு இல்லை. மெதுவோட்டத்தில் பிளக் கரி பிடிக்கும். படகின் காற்றுக் குழாய் பி.வி.சி.யாக இருந்தால் சிந்துகிற எரிபொருள் அதையும் நாளடைவில் கெடுக்கும்.

எடையைக் குறைக்கவாவது சின்ன எஞ்சின் நல்லதில்லையா என்றால், எப்போதும் இல்லை. சுசுகியின் இப்போதைய 9.9, 15, 20 மூன்றும் ஒரே 327 சி.சி. பிளாக்கில் வருபவை. மூன்றும் 44 கிலோ. 9.9 என்கிற விசித்திர எண்ணே அமெரிக்க ஏரிகளில் 10 எச்.பி.க்கு மேல் கூடாது என்று விதி இருப்பதால் பிறந்தது. நமக்கு அந்த விதி இல்லை. எடை ஒன்றென்றால் 20ஐ விட்டு 9.9ஐ எடுப்பதற்கு விலையைத் தவிரக் காரணமில்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக்கில் எடை இன்னும் குறைவு, 15 எச்.பி. எஞ்சின் 36 கிலோவில் கிடைக்கும். ஆனால் எண்ணெய் கலக்க வேண்டும், குடிக்கிறதும் கூடுதல், விருந்தாளிக்குப் புகை ஆகாது. கரையில் தனியாகத் தூக்கிச் சுமக்கிறவன் இரண்டு ஸ்ட்ரோக்கை இன்றும் விரும்புவான். நானும் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்று, காசில்லாத எச்.பி. பெட்ரோல் டேங்கை அமரத்திலிருந்து எடுத்து நடுவுக்கு முன்னால் வையுங்கள். ஏறும்போது ஆட்களை ஓர் அடி முன்னால் நகரச் சொல்லுங்கள். எஞ்சினைச் சாய்க்கிற கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளிப் போடுங்கள். அடியில் பிடித்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுங்கள். காலையில் காற்றுக் குறைந்திருந்தால் அடியுங்கள். வெயிலில் கரையில் கிடக்கிற படகில் காற்று விரிந்து குழாய் இறுகும் என்பதால் மதியம் அடிக்காதீர்கள். இந்த ஐந்தும் சேர்ந்து 15 எச்.பி. படகை 20 மாதிரி நடக்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் எஞ்சின் அதன் தாளில் எழுதிய எச்.பி.யை முழுதாகக் கொடுப்பதில்லை. 25 டிகிரியில் அளந்த கணக்கு அது. அதனால்தான் விளிம்பில் நிற்கிற எஞ்சினை வாங்காதே என்கிறேன்.

ஏறி ஓடுவதே எல்லா வேலைக்கும் பதில் என்றும் நான் சொல்லவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் கடற்புறத்து மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆரன்முளை வரை போனார்கள். சாலை எது, தோட்டம் எது என்று தெரியாத தண்ணீரில் வேகத்துக்கு வேலையில்லை. நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு ஒழுக்கை எதிர்த்து மெதுவாக நகர்கிற படகுதான் வேண்டியிருந்தது. அதில் நீளமான வள்ளம் ராஜா. மீட்புக்கென்றே ரிப் வைத்திருப்பவர்கள் போகும்போது இருக்கிற சுமையையும் திரும்பும்போது இருக்கிற சுமையையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். போகும்போது இரண்டு பேர், வரும்போது ஆறு பேர்.

கடைசியாகப் புரொப்பல்லர். எஞ்சின் வாங்கப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். பெட்டியோடு வந்ததையே மாட்டிவிட்டு எஞ்சின் சரியில்லை என்பார்கள். புரொப்பல்லரில் இரண்டு எண் இருக்கும், இரண்டும் அங்குலத்தில். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னே திருகிக்கொண்டு போகும் என்பது. சைக்கிள் கியர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பிட்ச் கூடினால் வேகத்துக்கு நல்லது, ஏற்றத்துக்குத் திணறும். குறைந்தால் ஏற்றத்துக்கு நல்லது, சமதளத்தில் கால் சும்மா சுற்றும். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் முழு முறுக்கில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை மாறும். வழக்கமான சுமையோடு முழு முறுக்கில் ஓடும்போது, எஞ்சின் புத்தகத்தில் சொன்ன சுற்று வரம்புக்குள், அதிலும் மேல்பாதியில் நிற்க வேண்டும். கீழே நின்றால் எஞ்சின் மூச்சுமுட்டித் தள்ளுகிறது என்று அர்த்தம், அதை அப்படியே ஓட்டினால் ஆயுள் குறையும். அளக்காமல் இது தெரியாது. சின்ன எஞ்சினுக்குச் சுற்றை எண்ணுகிற ஒரு டாக்கோமீட்டர் வாங்கிப் பிளக் வயரில் சுற்றினால் போதும்.

கடைசியில் அவன் வாங்கியது கொஞ்சம் ஓடிய 20 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக், 15 அங்குலக் கால். வரம்பு 5000 முதல் 6000 சுற்று. வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம், காற்று எழும்புவதற்கு முன்னால், நான், அவன், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் ஏறினோம். எஞ்சினோடு வந்தது 11 பிட்ச். முழு முறுக்கில் அணியம் தூக்கியது, நின்று யோசித்தது, அப்புறம் முனகிக்கொண்டே ஏறியது. 5200 சுற்றுக்குக் கீழே. வரம்புக்குள்தான், ஆனால் ஐந்தாவது ஆள் ஏறினால் 5000ஐ விட்டு இறங்கிவிடும். அடுத்த வாரம் 10 பிட்ச் மாட்டினோம். அதே நாலு பேர், 5400 சுற்று. எண்ணிப் பார்ப்பதற்குள் ஏறிவிட்டது. கியர் 2.08க்கு 1, அதாவது எஞ்சின் 2.08 முறை சுற்றினால் புரொப்பல்லர் ஒருமுறை சுற்றும். 5400ஐ 2.08ஆல் வகுத்து, பிட்ச் 10ஆல் பெருக்கி, அங்குலத்தை நாட் கணக்குக்கு மாற்றுகிற 1215ஆல் வகுத்தால் 21 நாட் வரும். புரொப்பல்லர் தண்ணீரில் வழுக்குவதில் ஆறில் ஒரு பங்கு போனால் மிச்சம் 18 நாட், மணிக்கு 33 கிலோமீட்டர். செல்போன் ஜி.பி.எஸ். 32 என்று காட்டியது. தாளில் போட்ட குரோச் கணக்கும் அதையேதான் சொல்லியிருந்தது. கூட்டாளிகளைக் கரையில் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓடினோம், 5900. அதுவும் வரம்புக்குள். மச்சினன் 11 பிட்ச்சைத் துடைத்து ஒரு சாக்கில் கட்டிப் படகிலேயே உபரியாக வைத்துக்கொண்டான். பழைய 9.9 மாமாவின் வள்ளத்துக்கே திரும்பிப் போனது.